இன்னும் கொஞ்சம் ராவணும்

ஏ.சி. பெட்டியை மாட்டும் இரும்பு ஸ்டாண்டில் ஓட்டை இரண்டு மில்லி தள்ளி இருந்தது. போல்ட் இறங்கவில்லை. தீனதயாளன் வராண்டாவில் உட்கார்ந்து, வட்ட அரத்தால் ஓட்டையை ராவ ஆரம்பித்தான். கர்ர்... கர்ர்...

"மாடியில உங்க அண்ணன்கிட்ட டிரில்லிங் மிஷினு கீது. ஒரு நிமிஷ வேல. போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி ஜெயப்பிரியா.

"பைக் நிறுத்துற எடத்துக்குச் சண்ட போட்டு, பொங்கல்லேர்ந்து மூஞ்சியே பாக்காத ஆளுகிட்ட நான் போய் நிக்கணுமா?"

"அப்போ சாயங்காலம் வரைக்கும் ராவிக்கினே இருங்க!"

ராவிக்கொண்டேதான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சதுரங்கப்பட்டினத்தில் அந்தத் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது, அரத்தைத் தவிர. ஜெயப்பிரியா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கையில் டிரில்லிங் மிஷினோடு அண்ணன் முனிசாமி வந்து நின்றார்.

"மனுசன் தூங்க வாணாமா? ஒரு ஓட்டைக்கு இன்னாடா இம்மா நேரம்? குடு இங்க!"

ஸ்டாண்டைப் பிடுங்கி, போல்ட்டை விட்டுப் பார்த்தார். போல்ட் தலையோடு அந்தப் பக்கம் விழுந்து உருண்டது.

"டேய்! இதுல என் கட்டவெரலே போவும் போலக் கீதே! எப்பவோ முடிஞ்ச வேலைய இன்னாத்துக்குடா ராவிக்கினே இருந்த?"

தீனதயாளன் அரத்தைக் கீழே வைத்தான்.

"நீ எறங்கி வர இம்மா நேரம் ஆவும்னு நான் இன்னாத்தக் கண்டேன் அண்ணாத்த?"