லேஅவுட் அழகு

மைசூரில் வசதியானவர்கள் குடியிருக்கும் லேஅவுட் அது. பிரகாசத்தின் உடல் கூடத்தில் கிடக்க, வாசலில் போட்டிருந்த ஷாமியானாவைக் கழற்றச் சொல்லி வந்து நின்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுரேந்தர்.

“ரோட்டுல ஷாமியானா போடக் கூடாதும்மா. லேஅவுட் அழகு கெடுது.”

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் கேரல் வெடித்தாள்.

“சாவு வீட்டுல பேசற பேச்சா சார் இது? வர்றவங்க வெயில்ல நிக்கணுமா? எந்தப் புண்ணியவான் போட்ட ரூல்?”

சுரேந்தர் கூடத்தில் கிடந்த உடலைப் பார்த்தார். தாய் மரியபுஷ்பம் தலை நிமிர்ந்தாள்.

“உங்கப்பாதான்டி. சங்கத் தலைவரா இருந்தப்ப போட்டார். இந்த சுரேந்தரோட அம்மா தவறின அன்னைக்கு, ஷாமியானா இருக்கட்டும்னு இவர் கையெடுத்துக் கும்பிட்டார். உங்கப்பா கேக்கவே இல்ல.”

கேரல் வழிவிட்டாள். ஆட்கள் ஷாமியானாவைக் கழற்றினார்கள்.

கடைசிக் கம்பைப் பிடுங்கும்வரை சுரேந்தர் அங்கேயே நின்றார்.