நாலு சீலும் ஒழுகிய கார்

இதை எனக்கு முதலில் சொன்னவள் பூமா. போன தை மாதம், மேலுக்கோட்டை பஸ்ஸில் போகும்போது. அவள் இந்தக் கதையில் வரும் குமுதவல்லிக்கு நாத்தனார். அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள்.

"நாலாவது சீலும் ஒழுகறது! இவன் மெக்கானிக்கா, மாயாவியா?"

மைசூர் அக்ரஹாரத்துத் தெருவில் நின்று கத்தினார் திருநாராயணன். காலேஜில் சயன்ஸ் வாத்தியார். சுதந்திரம் வந்ததும் கப்பலேறும் அவசரத்தில் ஒரு காபித் தோட்டத்துத் துரை தள்ளிவிட்டுப் போன பதினாலு வயசுக் கார் அவருடையது.

பின் சக்கரத்து ஆக்ஸிலில் எண்ணெய் கசியாமலிருக்க ஒரு தோல் வளையம் உண்டு. சீல் என்பார்கள். அதை மெக்கானிக் அய்யாவு நாலு தரம் மாற்றிவிட்டான். ஒவ்வொரு தரமும் வாரம் திரும்புவதற்குள் சொட்டு, சொட்டு, சொட்டு.

எதிர்வீட்டு ஜயம்மா விடுவாளா?

"குமுதா, நான் வெள்ளையாக் கோலம் போட்டா, உங்காத்து வண்டி பின்னாலேயே வந்து கறுப்பாப் புள்ளி வைக்கறது. புள்ளியை எண்ணிச் சொல்லு, கோட்டை நானே இழுத்துடறேன்!"

திருநாராயணன் மனைவி குமுதவல்லிக்கு மானம் போயிற்று. ஆனாலும் யாரையும் வைய மாட்டாள். அய்யாவு வந்ததும் சாந்தமாகத்தான் சொன்னாள்.

"உன்னை நான் திட்ட மாட்டேம்ப்பா. உனக்கு நல்ல புத்தி வரணும்னு, உன் பேரைச் சொல்லித் தினம் பெருமாள்கிட்ட வேண்டிக்கறேன்."

"சரிங்கம்மா" என்றான் அய்யாவு. கொள்ளேகால் பக்கத்து ஆள். அதிகம் பேச மாட்டான்.

வேண்டுதலோடு அவள் நிற்கவில்லை. முதல் சீல் போட்ட வாரத்திலிருந்தே வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து சக்கரத்துக்குப் பின்னால் கையை விடுவாள். ஆக்ஸிலின் மேல் ஒரு சின்னக் குமிழ் லட்சணமாகக் கைக்கு அகப்பட்டது. அதன் தலையில் சந்தனம். வலிக்கிற இடத்தில்தானே பத்துப் போட வேண்டும்?

முதல் வெள்ளி சுண்டைக்காய் அளவு வைத்தாள். ஒழுகல் நிற்கவில்லை. அடுத்த வெள்ளி நெல்லிக்காய் அளவு. ஒழுகல் கூடிற்று. 'என் சிரத்தை போதலை' என்று நாலாம் வெள்ளி பச்சைக் கற்பூரம் குழைத்து எலுமிச்சம்பழம் அளவு வைத்து அப்பினாள்.

ஐந்தாம் தரம் அய்யாவு வண்டிக்கு அடியில் மல்லாந்தான். எதையோ விரலால் சுரண்டினான். பிறகு வெளியே வந்து தன் விரலை மோந்து பார்த்தான்.

"என்னய்யா, எண்ணெயை மோப்பம் பிடிக்கறே?" என்றார் திருநாராயணன்.

அய்யாவு குமுதவல்லியைப் பார்த்தான். அவள் கையில் சந்தனக் கிண்ணம். எதிரே ஜயம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப்புங்க சாமி. சீலைத் திருப்பிப் போட்டுட்டனுங்க."

"நாலு தரமுமா?"

"நாலு தரமுமுங்க."

"பார்த்தேளா, நல்ல புத்தி வந்து உண்மையை ஒத்துண்டுட்டான்!" என்று குமுதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்ல புத்தி வந்தது போதும்" என்றார் திருநாராயணன். "இதை முடிச்சுட்டுப் போ. இந்தத் தெருவிலே இருக்கற மூணு வண்டியும் இனிமே உன் ஷெட்டுக்கு வராது. நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அய்யாவுவின் பிழைப்பே அந்த மூணு வண்டிதான். மறுபடி அடியில் புகுந்து, எதையோ தட்டி முடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஒரு வாரம் ஒரு சொட்டு இல்லை. ஜயம்மா வாசல் பளிச்சென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை, நன்றிக்கு ஒரு பெரிய உருண்டையோடு குமுதவல்லி சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். கையில் தகரம் இடித்தது.

மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தாள். குமிழைச் சுரண்டித் துடைத்திருந்தது. அதன் மேல் பல்பொடி டப்பா மூடியை வளைத்து ஒரு குல்லாய். குல்லாயின் ஓரத்தைச் சுற்றிப் பொடிப் பொடி ஓட்டைகள். உச்சியில் கடுகளவு சந்தனப் பொட்டு.

"ஏன்னா, இங்கே வாங்கோளேன்."

திருநாராயணன் வந்து படுத்துப் பார்த்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடியே, இது வண்டி மூச்சு விடற ஓட்டை! ஓடற சூட்டுலே உள்ளே காத்து உப்பும். நீ இதைச் சந்தனத்தால் அடைச்சா அது எங்கே போகும்? சீலைத்தான் முட்டித் தள்ளும்!"

குமுதவல்லி சந்தன உருண்டையைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவன் போட்ட நாலு சீலும்..."

"நன்னாத்தான் இருந்திருக்கும்." அவர் சிரிப்பு நின்றது. எதிர்வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வெளியிலே சொல்லாதே. தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவன் வயித்திலே அடிச்சுட்டு எந்த மூஞ்சியோட நான் விளக்கேத்தறது?"

முதலில் ஜயம்மாவிடம்தான் போய்ச் சொன்னாள். ஜயம்மா சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டது. பிறகு தெருவின் மற்ற இரண்டு வண்டிக்காரர்களிடமும் சொன்னாள். கடைசியில் கணவனை இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கே போய் நின்றாள்.

"என் தப்புப்பா. அன்னிக்கே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அய்யாவு கை எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எப்படிங்கம்மா சொல்றது? எம்பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டு வெச்ச சந்தனமுங்க. பொறந்ததுலருந்து எனக்காக ஒருத்தரும் சாமிகிட்டப் பேசுனதில்லீங்க."

இதைப் படித்தவர்கள் எனக்கு ஒன்று செய்யுங்கள். இன்று விளக்கேற்றும்போது அய்யாவு பேரையும் ஒரு தரம் சொல்லுங்கள். நல்ல புத்தியெல்லாம் கேட்க வேண்டாம். பேரைச் சொன்னால் போதும்.