பிரிக்காத கவர்

“முதலாவது, ஒன்பது வருஷமாக வேலை பார்த்தும் மனுதாரர் பெயர் ரிஜிஸ்டரில் இல்லை. இரண்டாவது, வார விடுமுறை இல்லை. மூன்றாவது, சீசனில் கூடுதல் நேர வேலை. அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. நான்காவது, ரிஜிஸ்டரில் பெயர் இல்லாததால் இ.எஸ்.ஐ. அட்டை இல்லை. இளைப்பு நோயுள்ள மகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வழியில்லை.”

தொழிலாளர் அதிகாரி ஷாஹிதா மனுவை வாசிக்க, சங்கத் தலைவர் கருப்பணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வரிசை பிசகவில்லை. பெயர், ஓய்வு, கூலி, வைத்தியம். முப்பது வருஷத்துக்கு முன்னால் சங்க நோட்டீஸில் இந்த வரிசையை எழுதியவரே அவர்தான். யாரோ ஒரு பெண் அதை எழுத்து விடாமல் படித்திருக்கிறாள். பெருமையாக இருந்தது.

விசாரணைக் கவர்களை அவர் பிரிப்பதில்லை. அவருடைய அச்சகத்தில் நோட்டீஸ் மடிக்கும் கற்பகம்தான் பிரித்துத் தேதி சொல்வாள். இந்தத் தடவை அவள், “நீங்களே படிச்சிருங்கய்யா” என்று கையில் கொடுத்தாள்.

“நாப்பது வருசமாப் படிக்காததா? தொழிலாளி அழுதிருப்பா, முதலாளி ஏய்ச்சிருப்பான். தேதியை மட்டும் சொல்லு தாயி.”

“வெள்ளிக்கெழமைய்யா.”

கவர் அப்படியே பைக்குள் போயிற்று.

இன்று மனு வாசிக்கத் தொடங்குமுன்பே அவள் வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “எனக்கு எடம் போட்டு வச்சிருக்கியாக்கும்” என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

எதிரே, எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரை. அவருக்கு அடுத்து சங்கத்து முனியராஜ்.

“என்ன முதலாளி, இன்னைக்கும் உம்ம கம்பெனிதானா?”

“இல்லைங்க அண்ணாச்சி. நானும் முனியராஜும் சாட்சிக்கு வந்திருக்கோம். நான் பட்டுத் தெளிஞ்சவன். போன வருசம் ரூம் வெடிச்சப்ப எல்லார் பேரும் ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. அவுகளுக்கு வைத்தியம் கெடைச்சுது, நானும் தெருவுக்கு வராமத் தப்பிச்சேன். இப்பல்லாம் பேரை எழுதிட்டுத்தான் ஆளை உள்ளயே விடுறது.”

“பேச்சுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லைய்யா உமக்கு” என்றார் கருப்பணன். சாட்சி என்பதை அவர் நம்பவில்லை. முனியராஜ் ஏனோ தரையைப் பார்த்தான்.

ஜன்னல் வெயிலில் தூசி, அலுமினியப் பொடி போல மினுங்கியது. மனு வாசிக்கும் குரலிலும் மின்விசிறிச் சத்தத்திலும் அவருக்குக் கண் சொருகியது. பகல் வானத்தில் வாணங்கள் கிளம்பின. ஒவ்வொன்றும் விரிந்து, பூவுக்குப் பதிலாக ஒரு பெயராக எரிந்தது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வந்த பெயர்கள். அச்சங்குளத்திலிருந்து நடந்தே வந்த பெயர்கள். எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத பெயர்கள். எல்லாம் அவர் யாருக்காகப் போராடினாரோ அவர்களின் பெயர்கள். ஒரு வாணம் மட்டும் விரியாமல் மேலே போய்க்கொண்டே இருந்தது.

“ஐந்தாவது” என்ற குரல் தூரத்தில் கேட்டது. “பெயரை எழுதச் சொன்னபோது, ‘நீ எங்க வீட்டுப் பிள்ளை, ஒனக்கு எதுக்கு ரிஜிஸ்டரு’ என்று எதிர்மனுதாரர் சொல்லிவிட்டார்.”

கருப்பணன் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “எல்லா முதலாளிக்கும் ஒரே வாய்தான்!”

எங்கேயோ கேட்ட வசனமாகத்தான் இருந்தது. நாற்பது வருஷத்தில் எத்தனை வாய்.

ஷாஹிதா வாசிப்பதை நிறுத்தினார். “அய்யா, சாட்சிகளைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லிட்டு, மிச்சத்தைத் தனியாப் பேசிக்கிடுவமா?”

கருப்பணன் விழித்துக்கொண்டார்.

“என்னம்மா தனியா? யாரு மொகத்தைக் காப்பாத்தப் பாக்கீக? தனியாப் பேசிப் பேசித்தானே எம்புட்டுப் பேரு காணாமப் போச்சு! பேரைச் சத்தமா வாசிங்க. சாட்சிக்காரக காதுல விழட்டும்.”

“அதுக்கில்லைய்யா...”

“வாசிங்கம்மா! பன்னெண்டு பேரை வேலைக்கு வச்சு நானுந்தான் அச்சகம் நடத்துதேன். சங்க நோட்டீஸ்ல ஆரம்பிச்சு இன்னைக்கு இந்த முதலாளியோட பட்டாசுப் பெட்டி லேபிள் வரைக்கும் அடிக்கலையா? சட்டம்னா எல்லாருக்கும்தான்.”

ஷாஹிதா கற்பகத்தைப் பார்த்தார். கற்பகம் மடியிலிருந்த மருந்துச் சீட்டை நோட்டீஸ் மடிப்பதுபோல நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் மை. நிமிர்ந்து ஒரு தடவை தலையாட்டினாள்.

கருப்பணன் மறுபடி கண்ணை மூடினார். அந்த வாணம் விரிகிறதைப் பார்க்க வேண்டும்.

ஷாஹிதா எழுந்து நின்று, சாட்சிகள் இருவருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“மனுதாரர், கற்பகம். எதிர்மனுதாரர், உழைப்பாளர் அச்சக உரிமையாளர், கருப்பணன்.”