ஏறாத சார்ஜ்

ரிட்டயர் ஆனதும் சார் வாங்கியது, முதுகில் ஒரு குட்டி வீட்டையே சுமக்கும் பிக்கப் வண்டி. அந்த வீட்டின் ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி. வண்டி ஓடினால் ஆல்டர்னேட்டர் அதை சார்ஜ் செய்ய வேண்டும். ஆனால் எவ்வளவு ஓட்டினாலும் ஏறவே இல்லை.

"சார்ஜ் ஏத்திட்டு வரேன்" என்று சார் தினமும் சாயங்காலம் கிளம்பிவிடுவார்.

பொறுக்காமல் மகள் ஓர் எலக்ட்ரீஷியனை அனுப்பினாள். அவர் பானெட்டைத் திறந்ததும் சார் கிசுகிசுத்தார்.

"தம்பி, சரி பண்ணிடாதீங்க. வீட்ல ஒரே நச்சரிப்பு. இந்த ரவுண்டுதான் எனக்கு நிம்மதி."

"அதான் ஃப்யூஸைக் கழட்டிட்டீங்களா சார்?"

"ஃப்யூஸா? அது எங்க இருக்குன்னே தெரியாதே! யாரு கழட்டினாங்களோ, நல்லா இருக்கட்டும். அப்படியே விடுங்க!"

சார் விசிலடித்தபடி வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி பதறி ஓடிவந்தார்.

"சரி பண்ணிட்டீங்களா தம்பி?"

"இல்லம்மா. தினமும் ஓட்டித்தான் ஆகணும்."

"அப்பாடா! நாள் பூரா சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, இதை ஏன் மூடலை, அதை ஏன் கிண்டலைன்னு உயிரை வாங்குறாரு. உக்காருங்க, டீ தரேன்."

சுகர் வந்ததிலிருந்து சார் தொடாத சர்க்கரை டப்பாவை அந்த அம்மா திறந்தார். ஸ்பூனுக்குப் பக்கத்தில், பத்திரமாகப் படுத்திருந்தது ஃப்யூஸ்.