திங்கட்கிழமைத் துண்டு

“ஏலே விஜயசங்கரு, துண்டுக்குக் கால் முளைச்சிருக்கோ?”

“என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி?”

“கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டுத்தான் கேக்கேன். திங்கக்கிழமை ஒரு துண்டு குறையுது. செவ்வாக்கிழமை அதுவே திரும்பி வந்துருது. ஒம்போது வாரமா இதே கூத்து! பொன்செல்விக்குக்கூடச் சொல்லல, உன்கிட்ட மட்டும் சொல்லுதேன். இன்னொரு திங்கக்கிழமை ஒண்ணு குறையட்டும், கடைச் சாவியை வச்சுட்டு நீ வீட்டைப் பாக்கப் போயிரு.”

போன புதன்கிழமை ஆறுமுகநயினார் அண்ணாச்சி போனில் சொன்னது, தென்காசி போகும் டவுன் பஸ்ஸிலும் விஜயசங்கரின் காதை விட்டுப் போகவில்லை. இன்று திங்கட்கிழமை. ஒரு துண்டு குறைந்திருந்தது.

அண்ணாச்சிக்குத் தென்காசியில் துண்டு மொத்த வியாபாரம். அருவிக்குப் போகிற வழியில் இருக்கும் குற்றாலம் கிளை விஜயசங்கரின் பொறுப்பு. சீசன் வந்துவிட்டால் துண்டு மறந்து வரும் கூட்டத்துக்கு, கட்டுக்கு இருபதாக வாரம் பன்னிரண்டு கட்டு குற்றாலத்துக்கு வரும்.

இருப்பில் ஒன்று குறைந்தாலும் போனில் பேசி முடிக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். கிளைக்காரர் நேரில் வர வேண்டும். கணக்கு பார்க்கும் பொன்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, எது வந்தது, எது போனது என்று ரிப்போர்ட்டை வரிவரியாக டிக் அடித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் விஜயசங்கர் ஒன்பது வாரமும் ஒரு துண்டைத் தன் நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்தான். பொன்செல்வியிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைப்பு. பக்கத்தில் உட்கார்ந்ததும் “பேனா இருக்கா?” என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வராது.

ஆனால் இந்த வாரம் சத்தியமாக அவன் ஒளிக்கவில்லை. காலையில் இரண்டு தடவை எண்ணினான். ஐம்பது. எண்ணிக்கையை அனுப்பிய உடனே பொன்செல்வி கூப்பிட்டாள்.

“நல்லா எண்ணுனீங்களா?”

“ரெண்டு வாட்டி எண்ணிட்டேன்.”

“நாற்காலி, மேசைன்னு எல்லா இடத்துலயும் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு.”

அவள் போனை வைத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். “ஒண்ணு குறையுதே. புறப்பட்டு வாங்க.”

அப்படியானால் கடைக்குள் உண்மையாகவே ஒரு திருடன் இருக்கிறான்! இவன் திருடனைக் காட்டிக் கொடுக்கவும் முடியாது. தன் ஒன்பது துண்டுக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

சாரலில் நனைந்த சட்டையோடு அவன் தென்காசிக் கடைக்குள் நுழைந்தபோது, பொன்செல்வியின் மேசைக்கு எதிரே அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார். கையில் ரிப்போர்ட்.

“வாலே. போன வார மிச்சம் ஒண்ணுமில்ல. வந்தது இருநூத்து நாப்பத்தொண்ணு. வித்தது நூத்துத் தொண்ணூறு. அம்பத்தொண்ணு இருக்கணும், அம்பதுதான் இருக்கு. சொல்லு, எங்கலே அந்த ஒண்ணு?”

“அண்ணாச்சி, இதுக்கு முன்னால ஒம்போது வாரமும் ஒளிச்சு வச்சது நான்தான். மறுநாளே எடுத்து வச்சுருவேன். ஆனா இந்த வாரம் நான் தொடல.”

“துண்டை ஒளிச்சு வச்சு என்னலே விளையாட்டு? எதுக்கு?”

விஜயசங்கர் தரையைப் பார்த்தான். பொன்செல்வி முன்னால் அதை எப்படிச் சொல்வது?

“சொல்ல மாட்டே. சரி, சாவியை வை. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

சாவிக்கொத்து மேசை மீது விழுந்த சத்தத்தில் பொன்செல்வி விருட்டென்று எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணாச்சி, வேலையை விட்டே அனுப்புதீங்களா? எனக்குத் தெரியாதே!” கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “கட்டுக்கு இருபதுன்னா, பன்னெண்டு கட்டுக்கு இருநூத்து நாப்பதுதான் வரும். காலையில அதை நாப்பத்தொண்ணா மாத்தினது நான். இந்தா பாருங்க, மாத்தின நேரம், என் பேரு எல்லாம் இருக்கு.”

“நீயா? நீ எதுக்கும்மா மாத்தினே?”

“ஒம்போது வாரமா இவுக ஒளிக்கது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இந்த வாரம் ஒளிக்காம விட்டுட்டாக. அப்புறம் எப்படி வருவாக?”

அண்ணாச்சி ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, சாவிக்கொத்தை விஜயசங்கர் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

விஜயசங்கர் சாவியைத் தொடவில்லை. பொன்செல்வியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் துப்பட்டா நுனியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

“நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு ஒரு வருஷம் போயிட்டு. நானே கேக்கேன். அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வாங்க.”