கல்லுக்கு இந்தப் பக்கம்

"வெல்டரண்ணே, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. கையெழுத்துப் போடறீங்களா, மாட்டீங்களா?"

தையல்காரம்மா மனுவை நீட்டினாள். அவள் பின்னால் தெருவே திரண்டு நின்றது.

வெல்டர் முகமூடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். 'எங்கள் தெருவை நகராட்சியோடு சேர்க்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"போட மாட்டேம்மா."

"ஏன்?"

"எனக்கு சேரணும்னுதான் ஆசை."

கூட்டம் கொதித்துப்போனது.

நகராட்சியின் எல்லைக்கல் அவருடைய பட்டறைச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் டவுன். இந்தப் பக்கம் இவர்கள். டவுனோடு சேர்ந்தால் வீட்டுவரி ஏறும். வீட்டு முன்னறையில் தைப்பதற்குக்கூட லைசென்ஸ் கேட்பார்கள். அந்தத் தொல்லையெல்லாம் பட்டறைக்கும் உண்டுதானே?

"அண்ணனோடது மூலை இடமாச்சே! டவுன்ல சேர்ந்தா விலை எங்கேயோ போயிடும். நாம எக்கேடு கெட்டா அவருக்கென்ன?" என்றார் பால்காரர்.

வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டார். பொறி பறந்தது. எல்லாரும் விலகிப் போக வேண்டியதாயிற்று.

தையல்காரம்மாவுக்கு மனசே ஆறவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் தனியாளாக வந்து பட்டறை போட்ட மனுஷன். அவளுடைய மெஷின் ஸ்டாண்டு உடைந்த அன்று, சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்து பற்றவைத்துக் கொடுத்தவர். அவரா இப்படி?

மனுவைக் கொடுக்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது, அவளுக்கு முன்னால் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். குமாஸ்தா சலித்துக்கொண்டார்.

"வாரா வாரம் வந்து நிக்கறீங்களே பெரியவரே! இதை அடுத்த வருஷம்கூட முடிவு பண்ணலாம். உங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"அடுத்த வருஷம் வேணாம் சார். நகராட்சித் தேர்தலுக்கு முன்னாடி சேர்த்துடுங்க. டவுன் ஓட்டர் லிஸ்ட்ல என் பேர் ஏறணும்."

தையல்காரம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று சாயங்காலமே தெருவுக்கும் விளங்கிவிட்டது.

"ஏதோ கட்சிக்காரன் வளைச்சுப் போட்டுட்டான். இத்தனை ஓட்டை மொத்தமா வாங்கித் தரேன்னு இவரும் தலையாட்டியிருக்காரு!"

அதன்பிறகு அவர் பேர் வெல்டர் இல்லை, 'கட்சிக்காரர்'. கேட் கீல் உடைந்தால்கூட டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நிற்கும். தையல்காரம்மா அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசியில் மனுதான் ஜெயித்தது. தெருவைச் சேர்க்கும் தீர்மானத்தை நகராட்சி கைவிட்டது. தெருவே கொண்டாடிய அன்று, பட்டறை மட்டும் திறக்கவில்லை.

தேர்தல் அன்று, தைத்த சட்டைகளைக் கொடுக்க தையல்காரம்மா டவுனுக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு. வாசலில் நீளமான வரிசை. எதிரே, சாத்திக் கிடந்த ஒரு கடையின் நிழலில், வெல்டர்!

சவரம் செய்த முகம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி நின்றிருந்தார்.

அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னண்ணே, ஓட்டே இல்லாத ஊர்ல யாருக்குக் காவல் நிக்கறீங்க?"

அவர் திடுக்கிட்டார். "சும்மாதாம்மா."

"இஸ்திரிச் சட்டை போட்டுக்கிட்டு சும்மாவா? எந்தக் கட்சின்னாவது சொல்லுங்களேன், தெரிஞ்சுக்கறோம்!"

அதற்குள் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அந்த வார்டில் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கும் நர்ஸ் இறங்கினாள். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. வரிசையில் நின்றவர்களிடம் சிரித்துப் பேசியபடி நடந்தவள், எதேச்சையாகத் தெருவின் இந்தப் பக்கம் திரும்பினாள்.

அவள் பார்வை வெல்டர்மேல் வந்து நின்றது. ஒரு நொடிதான். சிரிப்பு மறைந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாதி உயர்த்திய கையோடு வெல்டர் அப்படியே நின்றார்.

தையல்காரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணே... அந்த நர்ஸை உங்களுக்குத் தெரியுமா?"

"என் பொண்ணும்மா."

உயர்த்திய கையை மெல்ல இறக்கிக்கொண்டே சொன்னார்.

"தனக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கறேன்னு வந்து நின்னா. 'இனிமே நீ யாரோ, நான் யாரோ'ன்னு கதவைச் சாத்திட்டேன். பத்து வருஷமாச்சு. அவ இருக்கற ஊருக்கு இவ்வளவு பக்கத்துல இடம் கிடைச்சுதேன்னுதான் நம்ம தெருவுல பட்டறை போட்டேன். மன்னிச்சுடும்மான்னு சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை கிளம்பியிருக்கேன். அவ வீட்டுத் தெருமுனை வரைக்கும் போவேன். அதுக்கு மேல கால் வராது. அப்பதான் தேர்தல்ல அவ நிக்கறான்னு கேள்விப்பட்டேன். நம்ம தெரு சேர்ந்தா அவ வார்டுலதான் வரும்னாங்க..."

அந்த மனுவை எழுதியது தையல்காரம்மாவின் கைதான்.

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. தெரிந்ததைச் சொன்னாள்.

"ஓட்டுங்கறது ரகசியமாச்சே அண்ணே. நீங்க போட்டிருந்தாலும், அது அப்பா போட்ட ஓட்டுன்னு அவளுக்கு எப்படித் தெரியப்போகுது?"

வெல்டர் பள்ளிக்கூட வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அவளுக்குத் தெரிய வேணாம்மா. ஒரு தடவையாவது அவ பக்கம் நின்னேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."