வாசலுக்குப் போகும் சாரை

ரங்கூனில் குண்டு விழுந்து இறந்துவிட்டார் என்று நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடித்த பிறகு, முகம்மது கனி காடு மலையெல்லாம் நடந்து காஜிமார் தெருவிலிருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் காலையிலேயே கட்டெறும்புகள் வந்துவிட்டன.

அவை சர்க்கரையைத் தொடவில்லை. அவர் வெட்டிப்போட்ட நகத்தைத் தூக்கிப்போய், வாசலுக்கு வெளியே, தங்களில் செத்தவற்றைக் குவிக்கும் சாக்கடையோரத்தில் போட்டன. அவர் மனைவி அமீருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாசமாப் போறதுகளா! சொந்தக்காரங்கதான் மௌத்தானவரு எப்படி வருவாருன்னு கேட்டுத் தொலைக்குதுக. ஒங்களுக்குமா? அவுக உசுரோடதான் இருக்காக!"

மண்ணெண்ணெயை ஊற்றினாள். எறும்புச் சாரை அறுபடவில்லை. கனியின் காலில் ஏறி இறங்கிய ஓர் எறும்பை மற்றவை கவ்வின. அது ஆறு காலையும் உதறித் துடிக்க, அதையும் அந்தக் குவியலில் கொண்டுபோய்ப் போட்டன. அது திரும்பி ஓடி வந்தது. மறுபடியும் தூக்கிப் போயின.

கனி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக கெடக்குதுக, நீங்க காலை நீட்டுங்க" என்று, வெடித்திருந்த பாதங்களுக்கு அவள் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அப்புறமும் ஆத்திரம் அடங்காமல் விளக்குமாற்றை எடுத்துச் சாரையை அடித்தாள்.

எறும்புகள் சிதறவில்லை. குச்சி வழியே அவள் விரல்களுக்கு ஏறி வந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. நகங்களைக் கவ்விக்கொண்டு, எல்லாம் சேர்ந்து, மெல்ல வாசல் பக்கமாக இழுத்தன.